ஒருவர் நடந்தால் ஆடாத பாலம்

2000ஆம் ஆண்டு ஜூன் 10, சனிக்கிழமை. லண்டனில் தேம்ஸ் நதியின் இரு கரைகளிலும் திருவிழாக் கூட்டம். செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து எதிர்க்கரையிலுள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்கு நடந்தே போக ஒரு புதிய பாலம் திறக்கிறார்கள். 1894ல் டவர் பிரிட்ஜ் வந்த பிறகு லண்டன் நகரின் நடுவே நதியைக் கடக்கப் புதிதாக ஒரு பாலம் வருவது இதுதான் முதல் தடவை. கார் கிடையாது, பஸ் கிடையாது, மனிதர்கள் மட்டும்தான். கத்தி போல மெலிந்த பாலம். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம், சிற்பி ஆன்டனி காரோ, அரூப் என்ற புகழ்பெற்ற பொறியியல் நிறுவனம் ஆகிய மூவரும் சேர்ந்து வடிவமைத்தது. பெயர், மில்லேனியம் பிரிட்ஜ்.

அன்று ஒரே நாளில் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர்வரை நடந்தார்கள் என்பது கணக்கு. ஒரே நேரத்தில் பாலத்தின் மீது 2,000 பேர்வரை நின்ற தருணமும் உண்டு. அப்போதுதான் பாலம் ஆட ஆரம்பித்தது. மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில். தாத்தா கடிகாரத்தின் பெண்டுலம் போல இடமும் வலமுமாக நிதானமாக ஆடியது. நடுப்பகுதி சில நேரங்களில் 7 சென்டிமீட்டர்வரை நகர்ந்தது. கேட்க அற்பமாக இருக்கும். காலுக்குக் கீழே தரையே 7 சென்டிமீட்டர் நகர்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிலர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் படகில் நடப்பதுபோல் காலை அகட்டி வைத்து நடந்தார்கள்.

அன்று எடுத்த வீடியோக்களில் ஒரு விசித்திரம் தெரியும். யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. ஆனாலும் பெரும்பாலானவர்களின் தலைகள் ஒரே தாளத்தில் இடமும் வலமுமாகச் சாய்கின்றன. இரண்டாவது நாள் கூட்டத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது நாள், ஜூன் 12 அன்று, பாலத்தை மூடினார்கள். அது மறுபடி திறக்க ஒன்றே முக்கால் வருடம் ஆனது.

பொறியாளர்கள் கணக்கில் கோட்டை விட்டார்களா? இல்லை. பாலங்களும் அதிர்வும் பழைய பகையாளிகள் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1831ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்குபாலத்தில் சிப்பாய்கள் அணிவகுத்து நடந்தபோது பாலம் இடிந்தது. பாலத்தில் ஏறும்போது படைவீரர்கள் நடையின் தாளத்தைக் கலைத்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தையைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால், லேசான தள்ளலுக்கே ஊஞ்சல் உயரப் போகுமே, அதே கதைதான். ஒவ்வொரு பாலத்துக்கும் தனக்கென்று ஒரு ஊஞ்சல் வேகம் உண்டு. மனிதன் நடக்கும்போது விநாடிக்குச் சுமார் இரண்டு அடி எடுத்து வைக்கிறான். அந்த இரண்டும் மேலும் கீழுமாக எவ்வளவு அழுத்தும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஈடுகொடுக்கும்படிதான் பாலத்தைக் கட்டியிருந்தார்கள். அந்தத் திசையில் பாலம் தொந்தரவே செய்யவில்லை.

விட்டுப்போனது பக்கவாட்டு விசை. இடது காலை வைக்கும்போது உடம்பு இடது பக்கம் கொஞ்சம் சாயும். வலது காலுக்கு வலது பக்கம். அப்படிச் சாய்வதால் தரைமீது விழும் தள்ளல் மிகச் சிறியது, கீழ்நோக்கிய விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். தனி ஒருவர் நடந்தால் பாலத்துக்கு அது உறைக்காது. நூறு பேர் நடந்தாலும், ஒருவர் தள்ளலை இன்னொருவர் தள்ளல் சமன்செய்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான், தரை அசையாதவரை!

மூடிய பாலத்தில் அரூப் நிறுவனத்தினர் சோதனைக்கு மேல் சோதனையாகச் செய்தார்கள். இம்பீரியல் கல்லூரியிலும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலும் ஆடும் மேடைகளில் ஆட்களை நடக்கவிட்டு அளந்தார்கள். பிறகு பாலத்திலேயே தங்கள் ஆட்களை நடக்கவிட்டு, எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். 50 பேர், 100 பேர், 150 பேர். பாலம் சாதுவாக இருந்தது. வடக்குப் பகுதியில் சுமார் 160 பேரைத் தாண்டியதுதான் தாமதம், சட்டென்று ஆட ஆரம்பித்துவிட்டது. 'பேர் கூடக்கூட ஆட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்' என்று எதிர்பார்க்கத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. ஒரு எல்லைவரை ஒன்றுமில்லை. எல்லையைத் தாண்டிப் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், ஆட்டம் கட்டுக்கடங்காமல் போய்விடுகிறது.

இந்த விவகாரம் உலகத்துக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. ஜப்பானில் ஒரு நடைபாலம் கூட்ட நேரத்தில் இதேபோல் ஆடியதை யோசோ ஃபுஜினோவும் அவரது சகாக்களும் 1993லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். அது நிலநடுக்கப் பொறியியல் பத்திரிகை ஒன்றில் இருந்தது. பாலம் கட்டுகிறவர்கள் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. அரூப் நிறுவனத்துக்கு ஒரு பாராட்டு சொல்லத்தான் வேண்டும். தங்கள் மானம் கப்பலேறிய விவகாரத்தில் கண்டுபிடித்த எல்லாவற்றையும், கணக்குகள் உட்பட, 2001ல் பொறியாளர்களின் பத்திரிகையில் பிரசுரித்துவிட்டார்கள். இனிமேல் யாரும் அந்த அலமாரியைத் தேட வேண்டியதில்லை.

சரி, பாலம் இருக்கட்டும். அதே லண்டனில், ஆறு வருடங்கள் கழித்து நடந்த இன்னொரு சம்பவத்துக்கு வருவோம். அதில் ஆடியது இரும்பு அல்ல, ஆறு இளைஞர்களின் உயிர். இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒன்று இன்னொன்றுக்கு விளக்கவுரை எழுதியதுபோல இருக்கிறது.

முதலில் ஆன்டிபாடி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு புழங்கிய சொல்தான். கிருமி உள்ளே நுழைந்தால் நம் ரத்த அணுக்கள் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவத்தில் ஒரு புரதத்தைச் செய்கின்றன. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல, ஒரு ஆன்டிபாடி ஒரே ஒரு இலக்கில்தான் போய் ஒட்டும். இந்தக் குறிதவறாத புரதத்தை உடம்புக்கு வெளியே, வேண்டிய அளவு, வேண்டிய ரகத்தில் தயாரிக்க முடிந்தால்? அதைச் சாதித்தவர்கள் 1975ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும். ஆன்டிபாடி சுரக்கும் எலியின் அணுவையும், சாகவே சாகாத ஒரு புற்றுநோய் அணுவையும் ஒன்றாக இணைத்தார்கள். சாகாவரமும் பெற்று, ஒரே ரக ஆன்டிபாடியை ஓயாமல் சுரக்கும் அணு பிறந்தது. 1984ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலகின் பெரும் மருந்து வியாபாரங்களில் ஒன்றாக இருக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை வாங்கவில்லை என்பது வேறு கதை.

எலியின் ஆன்டிபாடியை மனிதனுக்குப் போட்டால் உடம்பு அதையே அந்நியன் என்று விரட்டும். எனவே நுனியை மட்டும் எலியிடமிருந்து வைத்துக்கொண்டு மீதியை மனித ஆன்டிபாடியாக மாற்றும் வித்தையை கிரெக் விண்டர் 1986ல் காட்டினார். அவருக்கு 2018ல் நோபல். அந்த மாற்றிய மரபணுவை எங்கே வைத்து வளர்ப்பது? இங்கேதான் சீன ஹாம்ஸ்டர் என்ற வெள்ளெலி வருகிறது. 1957ல் அமெரிக்காவில் தியோடர் பக் என்ற விஞ்ஞானி ஒரு பெண் ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த அணுக்களின் வாரிசுகள்தான், இன்றைக்கும் உலகெங்கும் ஆன்டிபாடி மருந்து ஆலைகளில் வேலை பார்க்கின்றன. அந்த எலி செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் அணுக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஆலைக்குள் நடப்பது ஏறக்குறைய தயிருக்கு உறை குத்துவது மாதிரிதான், அளவு மட்டும் பிரம்மாண்டம். திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும் ஒரு சிறு குப்பி அணுக்களை எழுப்பி, சிறு குடுவையில் வளர்த்து, அங்கிருந்து பெரிய குடுவை, பிறகு தொட்டி, கடைசியில் 10 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் எஃகுக் கலன் என்று இடம் மாற்றிக்கொண்டே போவார்கள். சூடு, ஆக்ஸிஜன், புளிப்பு எல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமார் இரண்டு வாரத்தில் அந்தக் குழம்பில் ஆன்டிபாடி நிறைந்திருக்கும். அதிலிருந்து மற்ற குப்பைகளைக் கழித்து, வைரஸ் இருந்தால் சாகும்படி சிறிது நேரம் அமிலத்தில் வைத்து, மிக நுண்ணிய சல்லடைகளில் வடிகட்டி, ஒவ்வொரு தொகுப்பையும் சோதித்த பிறகே மருந்துக் குப்பிக்குப் போகும்.

மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் பெயர் 'மாப்' என்று முடிந்தால் அது இந்த வகை என்று புரிந்துகொள்ளலாம். மார்பகப் புற்றுநோய்க்கு ட்ராஸ்டுசுமாப், ரத்தப் புற்றுநோய்களுக்கு ரிட்டுக்ஸிமாப், மூட்டுவாதத்துக்கு அடலிமுமாப். நம் நாட்டிலும் பெங்களூரு, ஹைதராபாத் நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. இவற்றில் பலவற்றின் அட்டையில் 'குலுக்காதீர்கள்' என்ற எச்சரிக்கையும் இருக்கும். இருமல் மருந்தைக் குலுக்கிக் குலுக்கிப் பழகிய கைக்கு இது விநோதமாகத் தோன்றும். காரணம் உண்டு. குலுக்கினால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடலாம். தனித்தனியாக இருக்கும்போது மருந்து, கூட்டமாகச் சேர்ந்தால் தொல்லை. பாலத்தின் கதை இங்கேயும் கொஞ்சம் தலைகாட்டுகிறது.

2006 மார்ச் 13, திங்கட்கிழமை. லண்டனின் வடமேற்கே நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆரோக்கியமான எட்டு இளைஞர்கள் படுத்திருந்தார்கள். ஆளுக்கு 2,000 பவுண்டு சன்மானம். டி.ஜி.என்.1412 என்ற புதிய ஆன்டிபாடியை மனித உடம்பில் முதன்முதலாகச் செலுத்திப் பார்க்கும் சோதனை அது. மூட்டுவாதத்துக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பில் உருவான மருந்து. ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த மருந்தின் இலக்கு, நோய் எதிர்ப்புப் படையின் தளபதிகளான டி-அணுக்களின் மேல் இருக்கும் சி.டி.28 என்ற ஒரு பொத்தான். பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி உண்டல்லவா? நம்முடையது ஒன்று, பேங்க்காரர் கையில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும். டி-அணுவும் அப்படித்தான், இரண்டு சமிக்ஞைகள் வந்தால்தான் சண்டைக்குக் கிளம்பும். தப்பான நேரத்தில் சண்டை வராமலிருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. டி.ஜி.என்.1412 ஒரே சாவியில் லாக்கரைத் திறந்துவிடும் ரகம். எலிகளில் இந்த வகை ஆன்டிபாடி, சண்டையை அடக்கும் சமாதான அணுக்களை அதிகமாக எழுப்பியது. மூட்டுவாதம் வந்த எலிகள் தேறின. நம்பிக்கைக்குக் காரணம் அதுதான்.

குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தும் குரங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனிதர்களுக்கு வைத்த அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஐந்நூறில் ஒரு பங்கு! இதைவிட எச்சரிக்கை என்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

காலையில் முதல் ஆளுக்கு ஊசி ஏற்றினார்கள். சில நிமிடங்களில் மருந்து உள்ளே போய்விட்டது. பத்து நிமிட இடைவெளியில் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகுதான் முதல் ஆள் தலைவலி என்றார். ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற ஆறு பேருக்கும் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல், ரத்த அழுத்த வீழ்ச்சி. பக்கத்துப் படுக்கையில் வெறும் திரவம் பெற்ற இருவர் இதையெல்லாம் பார்த்தபடி படுத்திருந்தார்கள். அன்று அவர்களுக்கு அமைந்த அதிர்ஷ்டம் சாதாரணமானதல்ல.

12 முதல் 16 மணி நேரத்துக்குள் ஆறு பேரும் கவலைக்கிடமானார்கள். நுரையீரலில் நீர் கோத்தது, சிறுநீரகம் நின்றது, ரத்தம் உறையும் முறை குலைந்தது. நல்லவேளையாக அதே வளாகத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தது. ஒரே நேரத்தில் ஆறு பேர், முன்பின் யாரும் பார்த்திராத நோய், பாடப்புத்தகத்தில் இல்லாத மருந்து. அங்கே அவர்களைக் கவனித்த குழு, பின்னர் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அந்த நாட்களை மணி வாரியாகப் பதிவு செய்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் கணேஷ் சுந்தரலிங்கம். பெயரைப் பார்த்ததும் தமிழ் வாசகர்கள் ஒரு கணம் நின்று படிப்பார்கள்.

உடம்பின் படைவீரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உசுப்பிவிடப்பட்டு, 'சைட்டோகைன்' என்ற அழைப்பு ரசாயனங்களை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். கோவிட் சமயத்தில் டி.வி.யில் கேட்டுக் கேட்டுப் புளித்த 'சைட்டோகைன் புயல்' இதுதான். மருத்துவர்கள் அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். கூடவே, புயலை அடக்க இன்னொரு ஆன்டிபாடியையும் கொடுத்தார்கள். ஆன்டிபாடி கொளுத்திய தீயை அணைக்கவும் ஓர் ஆன்டிபாடி! இருவருக்கு மிக மோசம். ஒருவருக்கு 8 நாட்கள், இன்னொருவருக்கு 16 நாட்கள் உறுப்புகளுக்கு இயந்திரத் துணை தேவைப்பட்டது. ஒருவர் கை, கால் விரல்களின் பகுதிகளை இழந்தார். ஆனால், ஆறு பேரும் பிழைத்தார்கள்.

முதல் சந்தேகம் ஆலை மேல்தான் விழுந்தது. பாக்டீரியா நஞ்சு கலந்துவிட்டதா? அளவை மாற்றி நிரப்பிவிட்டார்களா? அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தயாரிப்புப் பதிவேடுகளைப் புரட்டியது. மீதமிருந்த குப்பிகளைச் சோதித்தது. கலப்படம் இல்லை, அளவுப் பிழை இல்லை, மருந்து சொன்னபடிதான் இருந்தது. மனித உடம்பில் அந்த மருந்து எதிர்பாராத விதத்தில் வேலை செய்ததுதான் காரணம் என்று அறிக்கை சொன்னது. ஆலையில் தவறு இருந்திருந்தால் ஒருவகையில் நிம்மதி. திருத்திவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நடந்தது என்றால்?

இங்கிருந்துதான் உண்மையான துப்பறியும் வேலை. பிரிட்டனின் உயிரியல் மருந்துகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனத்தில், மனித ரத்த அணுக்களைச் சோதனைக் குழாயில் எடுத்து அந்த மருந்தைக் கலந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அணுக்கள் தூங்கின. மனிதர்களைச் சாவின் விளிம்புக்குத் தள்ளிய மருந்து குழாயில் பச்சைத் தண்ணீர் போல இருந்தது. பிறகு மருந்தைத் திரவமாக விடாமல், பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஒட்டிக் காயவைத்து, அதன் மேல் ரத்த அணுக்களை விட்டார்கள். புயல் கிளம்பியது! உடம்புக்குள் மருந்து ரத்தத்தில் சும்மா மிதப்பதில்லை, அணுக்களின் பரப்பில் ஒட்டி நெருங்குகிறது. அந்த நெருக்கத்தைக் குழாய்ச் சோதனை காட்டவில்லை.

2007ல் வந்த இந்தக் கண்டுபிடிப்பை 2011ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் விஞ்ஞானிகள் இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். அங்கே இருந்த தாமஸ் ஹூனிக்தான் இந்த வகை ஆன்டிபாடியை முதலில் கண்டுபிடித்தவர். நம் டி-அணுக்களில் மிகச் சிறு பகுதியே ரத்தத்தில் ஓடுகிறது. மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் திசுக்களிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கின்றன. ரத்தத்திலிருந்து எடுத்த அணுக்களை இரண்டு நாட்கள் நெருக்கமாக, நெரிசலாக வளர்த்துவிட்டுப் பிறகு மருந்தைக் கொடுத்தார்கள். இப்போது திரவ வடிவிலேயே புயல் வந்தது. தட்டில் ஒட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அணுக்கள் எப்போதும் தயார் நிலையில் இருக்கின்றன. தனியாக மிதக்கும் அணு அப்படி இல்லை.

பாலத்தில் 160 பேரைத் தாண்டியதும் என்ன நடந்ததோ, அதுவேதான்.

குரங்கு ஏன் எச்சரிக்கவில்லை? அதற்கு 2010ல் விடை கிடைத்தது. பழைய சண்டைகளை நினைவில் வைத்திருக்கும் ஒருவகை டி-அணுக்கள் நம்மிடம் உண்டு. மனிதர்களிடம் அவற்றின் மேல் சி.டி.28 பொத்தான் இருக்கிறது. சோதனைக்குப் பயன்பட்ட குரங்கினத்தில் அந்த அணுக்களின் மேல் பொத்தானே இல்லை. இல்லாத பொத்தானை எத்தனை மில்லிகிராம் கொடுத்து அழுத்துவது? 'ஐந்நூறில் ஒரு பங்கு' என்ற கணக்குக்கே அர்த்தமில்லாமல் போய்விட்டது. மனித உடம்பில் அந்தக் கொஞ்ச அளவே சி.டி.28 பொத்தான்களில் சுமார் 90 சதவீதத்தை அழுத்தப் போதுமானது என்பதைப் பிறகு கணக்கிட்டுச் சொன்னார்கள். இந்தக் கணக்கை முன்பே போட்டிருக்கலாம் என்பதுதான் நெஞ்சில் தைக்கிறது. டி-அணுக்களைத் தொடும் ஆன்டிபாடிகள் இப்படிச் சீறக்கூடும் என்பதும் புதிய செய்தி அல்ல. 1986ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஆன்டிபாடி மருந்தான ஓ.கே.டி.3 கொடுத்த நோயாளிகளிடமே மருத்துவர்கள் அதன் சிறிய வடிவத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானியக் கட்டுரைபோல, அதுவும் வேறோர் அலமாரியில் இருந்தது.

பேராசிரியர் கார்டன் டஃப் தலைமையிலான நிபுணர் குழு அதே ஆண்டில் 22 பரிந்துரைகளைத் தந்தது. அதில் ஒன்றை எந்த வீட்டுப் பாட்டியும் சொல்லியிருப்பார். முதலில் ஒருவருக்கு மட்டும் கொடு, பொறுத்திருந்து பார், பிறகு அடுத்தவருக்குக் கொடு. பத்து நிமிட இடைவெளி என்பது இடைவெளியே அல்ல. முதல் இளைஞருக்குத் தலைவலி வரும்வரை காத்திருந்தால் மற்ற ஐந்து பேருக்கு ஊசி போயிருக்காது. பாலத்தைக் கூட்டமாக நடக்கவிட்டுச் சோதித்திருக்க வேண்டும். மருந்தையோ ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும். லண்டனில் இரண்டும் தலைகீழாக நடந்துவிட்டன. ஆரம்ப அளவைக் கணக்கிடும் முறையும் மாறியது. மிருகம் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. மனித அணுவில் துளியாவது அசைவை உண்டாக்கும் குறைந்தபட்ச அளவு எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று 2007ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு வழிகாட்டியது.

டி.ஜி.என்.1412 குப்பைத் தொட்டிக்குப் போனது என்று நினைத்தால் தவறு. பிற்பாடு வேறு பெயரில், ரஷ்யாவில் மறுபடி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினார்கள். புயல் வரவில்லை. எலிகளில் பார்த்த சமாதான அணுக்கள் கண்விழித்த அடையாளம் மட்டும் தெரிந்தது. மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் ஆரம்பத்தில் சொன்னது பொய்யில்லை. அளவுதான் ஆளை மாற்றிவிட்டது.

லண்டன் மருத்துவர்கள் தட்டுத் தடுமாறிக் கற்ற பாடம் வேறு இடங்களிலும் கைகொடுத்தது. சைட்டோகைன் புயலை ஆன்டிபாடியால் அடக்கும் வழி பின்னாளில் புற்றுநோய் சிகிச்சையில் வழக்கமானது. கோவிட்டின் இரண்டாம் அலையில் நம் ஊர்களில் டோசிலிசுமாப் மருந்துக்காக உறவினர்கள் போனும் கையுமாக அலைந்தது நினைவிருக்கும். அதுவும் இதே குடும்பம்தான்.

பாலத்துக்குத் திரும்புவோம். ஆட்டத்தை நிறுத்த, பாலத்தை இன்னும் தடிமனாக்கலாமா என்று யோசித்தார்கள். அப்புறம் அந்தக் கத்தி போன்ற அழகு போய்விடும். கடைசியில் மோட்டார் பைக்கில் இருக்கும் ஷாக் அப்சார்பரின் பெரியண்ணன் போன்ற திரவ டேம்பர்கள் 37ஐப் பாலத்துக்கு அடியிலும் தூண்களையொட்டியும் பொருத்தினார்கள். பாலம் நகரும்போது கெட்டித் திரவத்துக்குள் பிஸ்டன் நகரும். ஆட்டத்தின் சக்தி சூடாகி வடிந்துவிடும். அவற்றோடு, எடைக் கட்டிகளை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு எதிர்த்தாளம் போடும் வேறு வகை டேம்பர்களும் உண்டு. செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. 2002 ஜனவரி இறுதியில் 2,000 பேரை ஒரே நேரத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பிப்ரவரியில் திறந்தார்கள்.

ஆனாலும் 'ஏன்' என்ற கேள்வி தீரவில்லை. 2005ல் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் குழு 'நேச்சர்' இதழில் ஒரு விளக்கம் தந்தது. மின்மினிப் பூச்சிகள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்னுவதுபோல, நடப்பவர்கள் தங்களை அறியாமல் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறார்கள், அந்தத் தாளம்தான் பாலத்தை ஆட்டுகிறது என்றது. அழகான விளக்கம். பல வருடங்கள் பாடப்புத்தக உதாரணமாகவும் இருந்தது. 2021ல் வந்த புதிய ஆய்வு அதைக் கவிழ்த்தது. தரை ஆடினால் மனிதன் விழாமலிருக்கப் பார்க்கிறான். பாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறான். ஓடும் பஸ்ஸில் நிற்கும்போது எல்லோரும் செய்வதுதான். அப்படி ஒவ்வொருவரும் தன் சமநிலைக்காகச் செய்யும் சிறு தள்ளலே, சராசரியாகப் பார்த்தால், பாலத்தின் ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. ஒரே தாளம் தேவையே இல்லை. ஆளுக்கொரு வேகத்தில் நடந்தாலும் போதும். பாலத்தின் இயல்பான உராய்வு இந்தத் தீனியைச் செரித்துக்கொண்டிருக்கும்வரை அமைதி. ஆட்கள் கூடி, செரிக்க முடியாத அளவைத் தாண்டினால் ஆட்டம். வீடியோவில் தெரிந்த அந்த ஒரே தாளத் தலையசைப்பு ஆட்டத்தின் காரணம் அல்ல, விளைவு.

2005 கட்டுரையிலும், அதைக் கவிழ்த்த 2021 கட்டுரையிலும் ஆசிரியர் பட்டியலில் ஒரு பெயர் பொதுவாக இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஆலன் மெக்ராபி. பதினாறு வருடங்களுக்கு முன் தான் சேர்ந்து சொன்னதை, தானே சேர்ந்து திருத்தியிருக்கிறார்.

லண்டன்வாசிகள் இன்றும் அந்தப் பாலத்தை 'தள்ளாடும் பாலம்' என்றுதான் அழைக்கிறார்கள். 2002லிருந்து அது தள்ளாடவே இல்லை.